கடலைப் பார்க்காத பெயர்கள்

சாளைத்துறை மாதா கோயிலில் பதினாறு டியூப் லைட்டுகள் உண்டு. பதினாறிலும் உபயம் கொடுத்தவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருக்கும். அவர் பெயர், தகப்பனார் பெயர், படித்த படிப்பு, பிழைக்கப் போன நாடு, யாருடைய நினைவாக என்ற விவரம் எல்லாம் போக மிஞ்சிய இடத்தின் வழியாகத்தான் வெளிச்சம் வெளியே வர வேண்டும். பூசைப் புத்தகத்தை வாசிக்கப் பங்குச்சாமியார் தனியாக ஒரு மேசை விளக்கு வைத்திருக்கிறார். அதிலும் பெயர் இருக்கிறது. ஆனால் அடிப்பாகத்தில்.

அந்தப் பதினாறையும் எழுதியவன் நான். பெயர் கயித்தான். நான்காம் தெருவில் கீழே பிளக்ஸ் கடை, மேலே வீடு. இந்த ஊரில் ஒருவர் பூசையில் முதல் நன்மை வாங்கினாலும், வெளிநாடு போனாலும், செத்தாலும் என் கையால்தான் பெரிய ஆள் ஆவார். முப்பத்தோரு வருடங்களாக ஊரிலுள்ள அத்தனை பேருடைய பெயரையும் ஆள் உயரத்துக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையிலும் எறும்பு அளவில் என் பெயரும் போன் நம்பரும் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததற்குச் சமாதானமாக அல்ல, புரிவதற்காக.

கடல் ஊருக்குள் வரத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. வடக்கே இருக்கும் ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டார்கள். கடலுக்குள் நீளும் அந்தக் கல்வரிசை அங்கே மணலைப் பிடித்து நிறுத்தியது. அங்கே மண் கிடைக்காத கடல் எங்கள் பக்கம் திரும்பியது. முதல் தெரு போயிற்று. பிறகு இரண்டாம் தெருவில் கிழக்கு வரிசை. மனு கொடுத்தோம். கலெக்டர் அலுவலக வரைபடத்தில் எங்கள் ஊருக்கு முன்னால் முந்நூறு மீட்டர் மணல் இருந்தது. வரைபடத்தில் மணல் இருக்கும்வரை அபாயம் இல்லை என்று பொறுமையாக விளக்கினார்கள். முதல் தெருவுக்கு வீட்டு வரி நோட்டீஸ் மட்டும் வருடம் தவறாமல் வந்தது. தபால்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நிற்பார்.

அப்போதுதான் டாக்டர் மெஹர்நிசா வந்தார். காயல்பட்டினத்துப் பெண். கடல் உயிர்களைப் படித்தவர். கரையோர ஊர் ஒன்றில் வளர்சுவர் நட்டுப் பார்க்க வேண்டும், செலவை ஊர் ஏற்றுக்கொண்டால் கூலி வாங்காமல் தானே நின்று செய்கிறேன் என்றார். குழு கூடியது. கடல் காப்புச் சுவர் நிதிக் குழுவில் மொத்தம் இருபத்தொரு பேர். அதில் பதினெட்டுப் பேர் துணைத் தலைவர்கள். தலைவர் லெயோன் தேவோட்டா ஒரு காலத்தில் துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டாக இருந்தவர். மைக் இல்லாத இடத்தில் பேசும்போதும் ஒரு கையை மைக் பிடிப்பதுபோல வைத்துக்கொள்வார். நான் அமைப்பாளர். அதாவது நாற்காலி போடுவது, குறிப்பு எழுதுவது.

மெஹர்நிசா ஒரு வாளியில் சாம்பல் நிறக் கூழ் கொண்டுவந்திருந்தார்.

"இது கல்லு இல்ல அண்ணாச்சி, உசிரு. சிப்பி எப்படித் தண்ணியில இருக்க சுண்ணாம்ப எடுத்து ஓடு கட்டுதோ, அதே மாதிரி. கம்பி வலைய நட்டு, இந்தக் கூழைத் தடவி, மெல்லிசா கரண்டு விட்டுட்டா அதுவா வளரும். தீனி மட்டும் நாம போடணும்."

எவ்வளவு கனத்துக்கு வளரும் என்று தலைவர் கேட்டார்.

"அது அலைக்குத் தெரியும். அலை எங்க ஓங்கி அடிக்குதோ அங்க தானா தடிக்கும். நாம சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருப்பது. எங்கள் குழுவிடம் இதைவிடக் கடினமான ஒன்றை அதுவரை யாரும் கேட்டதில்லை.

நிதி திரட்டத் தொடங்கினோம். இடிந்த வீடுகளைப் படமெடுத்து, சோகமான இசை சேர்த்து, ஊரிலிருந்து வெளியே போன அத்தனை பேருக்கும் அனுப்பினோம். மஸ்கட்டிலிருந்தும் தோஹாவிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் கும்பிட்ட கை படங்கள் வந்து குவிந்தன. "ஜெபிக்கிறோம்" என்றார்கள். ஒருவர் தன் பழைய வீடு வீடியோவில் சரியாகத் தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். மூன்று மாதத்தில் கம்பி வலைக்கே போதாத தொகைதான் சேர்ந்தது.

அன்றைய கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான்.

"சுவர்ல பேரு போட முடியுமா டாக்டரம்மா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "போடலாம். கரண்டை எழுத்து வடிவத்துல விட்டா எழுத்தாவே மேடு கட்டும். ஆனா கடல் பக்கமாப் போடுங்க. மேடு பள்ளம் இருந்தா அலை வந்து ஒடையும். சுவருக்கு நல்லது."

தேவோட்டா மெல்ல மைக்கைத் தூக்கினார், இல்லாத மைக்கை.

"கடல் பக்கம் போட்டா யாரு வாசிப்பா? சாளை மீனா?"

பதினெட்டுத் துணைத் தலைவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தரைப் பக்கம் என்று முடிவாயிற்று.

"சரி, தரைப் பக்கமே போடுங்க. சின்னதா, கொஞ்சமா," என்றார் மெஹர்நிசா. "அதுக்குக் கிடைக்கிற சுண்ணாம்பு ஒரு அளவுதான். எழுத்துக்குப் போனது சுவருக்கு வராது. இன்னொண்ணு, ஒருக்கா பழக்கிட்டோம்னா அது லேசுல மறக்காது."

சின்னதாக, கொஞ்சமாக என்ற இரண்டையும் நான் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை. இடம் இல்லை. துணைத் தலைவர்களின் பெயர்களே ஒரு பக்கம் வந்துவிட்டன.

சுவரில் பெயர் வரும் என்று அறிவித்த வாரம் ஊரின் போன்கள் ஓயவில்லை. ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஜெபத்தை நிறுத்திவிட்டு எழுத்தின் உயரம் என்ன என்று கேட்டார்கள். நாங்கள் கேட்டதைப்போல இரண்டு மடங்கு நிதி வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. ஒருவருக்குப் பெயருக்கு முன்னால் பட்டம் வேண்டும், பின்னால் படிப்பு வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர், பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது என்று தனித்தனியாக எழுதினார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது. டொராண்டோக்காரர் ஒருவர் தன் நாய்க்கும் பெயர் கேட்டார். நாய் இந்த ஊரைப் பார்த்ததில்லை, ஆனால் மீன் சாப்பிடும் என்றார். தேவோட்டாவுக்குப் பெயர் போதவில்லை. முகமும் வேண்டும் என்றார். என் கடையில் உட்கார்ந்து, எந்தக் கோணத்தில் மூக்கு எடுப்பாகத் தெரியும் என்று ஒரு மத்தியானம் முழுக்கத் திரும்பித் திரும்பிக் காட்டினார்.

இருநூற்றுப் பதினான்கு பெயர்கள். எல்லாவற்றையும் நான்தான், சுவருக்குள் கரண்டு போகும் வழியை வரைய மெஹர்நிசா கொடுத்த டேப்லெட்டில், அந்த டேப்பில், ஏற்றினேன். எனக்கு வேலை புதிதல்ல. பிளக்ஸுக்குப் பதில் சுவர், அச்சு மைக்குப் பதில் சுண்ணாம்பு.

தெற்குக் கோடியில் மட்டும் நூறு மீட்டர் காலியாக விழுந்தது. அங்கே கருவாட்டுக் களம். அதை ஒட்டிப் பதினோரு வீடுகள். கருவாட்டு வாடையில் தன் பெயர் நிற்பதை ஒருவரும் விரும்பவில்லை. தள்ளுபடி விலைக்கும் ஆள் வரவில்லை.

அந்தப் பதினோரு வீட்டுப் பெண்கள்தான் தினமும் விடியற்காலையில் சுவருக்குத் தீனி போட்டவர்கள். அறுநூறு மீட்டர் சுவருக்கும் சிப்பித்தூளைச் சாக்குச் சாக்காகச் சுமந்து, தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கிக் கொட்டுவார்கள். அவர்களுக்குக் கிறாசியாதான் தலைமை. புருஷன் வருடத்தில் பத்து மாதம் கொச்சிப் பக்கம் மீன்பிடி போட்டில் இருப்பவன். கருவாடு உலர்த்தி விற்றுப் பத்து வருடத்தில் ஒரு வீடு கட்டியிருந்தாள். இன்னும் பூசவில்லை. ஜன்னலுக்குச் சட்டம் மட்டும் வந்திருந்தது. ஊரிலேயே கடலுக்கு மிக அருகில் இருந்தது அந்த வீடுதான். தூணுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாற்பது அடிகூட இல்லை. "சுவரு வந்தா பூசிருவேன் அண்ணாச்சி, வராட்டி எதுக்குப் பூசணும்?" என்பாள்.

இவர்கள் பெயரையும் எங்காவது போடலாமா என்று குழுவில் கேட்டுப் பார்த்தேன். "உழைப்பு வேற, உபயம் வேற," என்று தலைவர் பிரித்துக் காட்டினார். குறித்துக்கொண்டேன்.

ஆறாவது மாதம் மெஹர்நிசா சுவரை அளந்தார். தரைப் பக்கத்தில் எழுத்துகள் பலாப்பழம் மாதிரி புடைத்திருந்தன. தேவோட்டாவின் மூக்கு ஒரு முழம் வந்திருந்தது. பிள்ளைகள் அதில் சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டுக் குளிக்கப் போனார்கள். ஊரே அந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் மறுபக்கம் தண்ணீரில் நின்று கம்பியால் குத்திப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வந்து பாருங்க. பேரு போட்ட எடம் பூராவும் கடல் பக்கம் நாலு விரல் கனந்தான். உள்ள பொக்கா கெடக்கு. தெக்க, பேரு இல்லாத எடம் பாருங்க. ரெண்டு முழம்."

"இப்ப என்ன செய்யணும்?"

"அழிக்கணும். கரண்டைத் திருப்பி விட்டா எழுத்து கரைஞ்சு சுவருக்குப் போயிரும். மழைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. இப்ப ஆரம்பிச்சா நேரம் காணும்."

அவசரக் கூட்டம் நடந்தது. மெஹர்நிசா சொன்னதை யாரும் மறுக்கவில்லை. அழிக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எதிலிருந்து தொடங்குவது என்ற இடத்தில் குரல் பிரிந்தது. வடக்கே பெயர் இருந்தவர்கள் தெற்கிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். மஸ்கட்காரர்கள் தோஹாவை முன்மொழிந்தார்கள். டொராண்டோக்காரர் திரையில் வந்து, தன் இனிஷியலில் ஒன்றை விட்டுக்கொடுக்கத் தயார் என்றார். கைதட்டினார்கள். நாயின் பெயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசியாகத் தேவோட்டா எழுந்தார்.

"என் பேரை இந்த நிமிஷமே அழிச்சிருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அது எங்க ஐயா பேரும்தான். எங்க ஐயாவ அழிக்க எனக்கு என்ன உரிமை இருக்கு?"

சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெயர்கள் தற்போதைக்கு இருக்கட்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அடுத்த தீர்மானமாக மெஹர்நிசாவுக்கு நன்றி தெரிவித்து நினைவுப் பரிசு கொடுத்தார்கள். அதில் அவர் பெயரைவிடக் குழுவின் பெயர் பெரிதாக இருந்தது. நான்தான் அடித்தேன்.

அவருக்கு வேறு ஊரில் வேலை வந்து கிளம்பும்போது டேப்பை என் பொறுப்பிலேயே விட்டார். "தெக்கு நூறு மீட்டர்ல மட்டும் யாரையும் கை வைக்க விடாதீங்க அண்ணாச்சி. அந்தப் பதினோரு வீடாவது நிக்கும். ஒங்களத்தான் நம்பிப் போறேன்."

என்னை நம்பிப் போனார். திறப்பு விழாவும் வந்தது.

பதினெட்டுத் துணைத் தலைவர்களுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பந்தல்காரருக்குப் போர்த்தினார்கள். கரண்டு கனெக்‌ஷன் கொடுத்தவருக்குப் போர்த்தினார்கள். தேவோட்டா முக்கால் மணி நேரம் நன்றி சொன்னார். கடைசியில் காகிதத்தைத் திருப்பிப் பார்த்து, "பிளக்ஸ் உதவி, நம்ம கயித்தான்," என்று முடித்தார். மேடைக்குப் பின்னால் நாற்பது அடி பிளக்ஸ். ஊரே அதில் இருந்தது. வலது கீழ் மூலையில் எறும்பு அளவில் நான் இருந்தேன். அதன் மேலும் யாரோ நாற்காலியைப் போட்டிருந்தார்கள்.

மறுநாள் மதியம் கடையில் ஆள் இல்லாதபோது டேப்பைத் திறந்தேன். வடக்கே இடம் இல்லை. தெற்கே நூறு மீட்டர் வெள்ளையாகக் கிடந்தது. "அமைப்பாளர் ச. கயித்தான்" என்று அடித்தேன். எழுத்தின் அளவைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். இவ்வளவு பெரிய சுவரில் ஒரு பெயரால் என்ன ஆகிவிடும் என்று இருநூற்றுப் பதினான்கு பேரும் நினைத்திருப்பார்கள். நான் இருநூற்றுப் பதினைந்தாவது.

மூன்றாவது வாரம் கிறாசியா கடைக்கு வந்தாள். தீனிச் சாக்கு தோளில் இருந்தது.

"அண்ணாச்சி, என் வீட்டுக்கு நேரா ஒரு 'அ' மொளைக்குது."

தெரியும் என்றேன். கமிட்டி முடிவு என்றேன். அதுவரை நான் குறிப்புகளில்தான் பொய் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"டாக்டரம்மா எங்க பக்கம் ஒண்ணும் போடாதீயன்னு சொல்லிட்டுத்தானே போனாவ. வடக்க போட்டுக்கிடுங்களேன்."

"வடக்க எடம் இல்ல கிறாசியா."

"எனக்கும் இத விட்டா வேற எடம் இல்ல, அண்ணாச்சி."

பார்க்கிறேன் என்றேன். எங்கள் ஊரில் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டு, சுவருக்குத் தீனி போடப் போனாள். என் பெயருக்கும் அவள்தான் தீனி போட்டாள்.

நான் பார்க்காமல் இல்லை. அடுத்த மாதம் டேப்பைத் திறந்தேன். சுவரில் "அமைப்பாளர் ச. கயி" வரை வந்திருந்தது. அப்போதே நிறுத்தினால் கரைந்து முடியும்வரை அரைப் பெயர் நிற்கும். போகிறவன் வருகிறவன் எல்லாம் சிரிப்பான். முழுதாக வந்ததும் அழித்துவிடலாம் என்று வைத்தேன். முழுதாக வந்தது. அழகாக வந்தது. முப்பத்தோரு வருடத்தில் நான் போட்ட எழுத்துகளிலேயே அதுதான் அழகு. மஸ்கட்டில் இருக்கும் என் மகள் படம் கேட்டாள். அவள் மாமியார் வீட்டில் எல்லோரும் பார்த்தார்களாம். இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதையே நினைத்தேன்.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மூன்று நாளாக வாடைக்காற்று. அன்று கடல் எழுந்தது.

சுவர் மொத்தமாக விழவில்லை. பெயர் பெயராகக் கிழிந்தது, தபால்தலையை ஓட்டை வரிசையில் கிழிப்பதுபோல. முதலில் பெரிய எழுத்துகள். படிப்பும் பட்டமும் அதிகம் இருந்த இடங்கள் முந்திக்கொண்டன. தேவோட்டாவின் முகம் அப்படியே பெயர்ந்து நடுத்தெருவில் மல்லாக்க விழுந்தது. கண்குழி இரண்டிலும் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. நிஜத் தேவோட்டா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைத் தாண்டி ஓடினார். இரண்டாம் தெரு முழுக்கப் போயிற்று. மூன்றாம் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறி வீடுகளைச் சரித்தது.

தெற்கே மட்டும் தண்ணீர் இல்லை. ஊர் முழுக்கத் தெற்கே ஓடியது. கருவாட்டுக் களத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தியே பழகியவர்கள் அன்று பொத்தவில்லை. பதினோரு வீடுகளும் கதவைத் திறந்தன. கிறாசியா வீட்டில் மட்டும் இருபத்தாறு பேர். பதினெட்டுத் துணைத் தலைவர்களில் ஏழு பேர் அங்கேதான் இருந்தார்கள். தேவோட்டா கருவாட்டுக் கூடை மேல் உட்கார்ந்திருந்தார். நானும் என் மனைவியும் அடுப்படியில் நின்றோம். கிறாசியா எல்லோருக்கும் பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டாள்.

பூசாத அந்தச் சுவரில் சாய்ந்திருந்தபோது முதுகில் ஒரு அதிர்வு வந்தது. வெளியே ஏதோ முறிந்தது. எனக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். சுவரிலிருந்து முதுகை எடுத்தேன்.

கிறாசியா ஜன்னல் சட்டத்தின் வழியாகப் பார்த்தாள். பிறகு சாயாத் தட்டைக் கீழே வைத்தாள்.

"பின்னால வாசல் இருக்கு. பிள்ளைகளும் வயசானவியளும் மொதல்ல. மத்தவிய பொறவு. தள்ளாதீய."

ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு எண்ணி வெளியே விட்டாள். இருபத்தாறாவது ஆள் நான். இருபத்தேழாவதாக அவள் வந்தாள். நாங்கள் அடுத்த வீட்டுத் திண்டில் ஏறும்போது அவள் வீட்டுக்குள் கடல் போயிற்று. முன்தூண், பக்கச்சுவர், கூரை என்று வரிசையாக விழுந்தது. நூறு மீட்டர் சுவரும் நின்றது. என் பெயர் இருந்த இடம் மட்டும், என் பெயரின் நீளத்துக்கும் உயரத்துக்கும், வெட்டி எடுத்ததுபோல இல்லை. பதினோரு வீட்டில் பத்து நின்றது.

உயிர்ச்சேதம் இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

ஓட்டையின் இடது ஓரத்தில் ஒரு 'அ' மட்டும் மிச்சமிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஊரே வந்து பார்த்தது. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி உள்ளவர்கள் என்று பார்த்தால் பதினோரு வீட்டுக்காரர்கள் மட்டும்தான். அவர்கள் சகதி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிறாசியாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். முன்னறையைக் கொடுத்தோம். இப்போது ஏழு மாதமாகிறது. அவள் என்னை ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. காலையில், "அண்ணாச்சி, டீயா காப்பியா?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்வதுதான் என் நாளில் மிகக் கஷ்டமான வேலை.

போன மாதம் ஒரு போன் வந்தது. தெற்கே ஏழு ஊர் தள்ளி இருக்கும் குட்டந்துறையிலிருந்து பேசினார்கள். அமைப்பாளர் கயித்தான் ஐயாதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

"ஐயா, ஒங்க பேரு எங்க கரையில மொளைச்சிருக்கு."

புயலில் அடித்துக்கொண்டு போன துண்டு அங்கே மணலில் குத்தி நின்றிருக்கிறது. நின்றதோடு வேர் பிடித்திருக்கிறது. அதன் பின்னால் மணல் சேர்ந்து, எட்டு வள்ளம் நிறுத்துகிற இடம் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஊரே சந்தோஷத்தில் இருப்பதாகவும், திருவிழா மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்த ஆசைப்படுவதாகவும் சொன்னார்கள்.

மெஹர்நிசாவைக் கூப்பிட்டேன். அவர் ஏற்கனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"உண்மைதான் அண்ணாச்சி. அந்தத் துண்டு எழுத்துப் பக்கம் கடலைப் பாக்க விழுந்திருக்கு. மேட்டுல அலை ஒடையுது. நான் மொத நாளே சொன்னேன்ல."

"அதைக் கொல்ல முடியுமா டாக்டரம்மா?"

"எதுக்கு?"

"கரண்டு இல்ல, தீனி இல்ல. தானா செத்துராதா?"

"பழகிட்டுது. இனி மறக்காது. இப்ப ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆள் ஒசரம். முன்னால இருந்த 'அ' மட்டும் இல்லியா, அதையும் புதுசா வளர்த்துக்கிட்டுது." பிறகு, "தெக்க கை வைக்க விடாதீயன்னு ஒங்கள்ட்டதான் சொன்னேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் குறிப்பில் எழுதாமல் விட்டதை நினைவுபடுத்துகிறவர்போலச் சொன்னார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் முன்னறை வாசலில் கிறாசியா நிற்கிறாள். எல்லாம் கேட்டிருந்தது.

போகப் போவதில்லை என்றேன்.

"ஏன் போவாம? போய்ட்டு வாங்க அண்ணாச்சி. பொன்னாடை போத்துவாவல்லா?" ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "இந்த ஜன்னலுக்குத் துணி இல்லாம வெயிலு மூஞ்சியில அடிக்குது. மறக்காமக் கொண்டாங்க."

போனேன். மேடைக்குப் பின்னால் முப்பது அடி பிளக்ஸ். நடுவில் என் பெயர், ஆள் உயரத்துக்கு. நான் வலது கீழ் மூலையைத்தான் பார்த்தேன். எறும்பு அளவில் யாரோ ஒருவன் அங்கே இருந்தான். பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தேன்.

"இந்தப் பேரால எங்க ஊர்ல ஒரு வீடு போச்சு. அது ஒரு பொம்பள பத்து வருஷம் கருவாடு வித்துக் கட்டுன வீடு. வேண்டாம்னு அவ வந்து சொன்னா. நான் அழிக்கல."

கைதட்டல் எழுந்தது. இவ்வளவு பெரிய மனுஷருக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று ஊர்த்தலைவர் தழுதழுத்தார். தன் மேலேயே பழியைப் போட்டுப் பேசுகிற குணம் யாருக்கு வரும் என்றார். கீழே இறங்க எத்தனித்தேன். திரும்ப மேலே ஏற்றி இன்னொரு மாலை போட்டார்கள்.

அங்கே பொன்னாடையில் பெயர் அடிக்கிற வழக்கம் புதிதாக வந்திருக்கிறது. கத்தரிப்பூ நிறப் பட்டில், ஒரு பக்கம் மட்டும் தெரியும்படி, தங்க எழுத்தில் என் பெயர்.

வீட்டுக்கு வந்து அதைக் கொடுத்தேன். கிறாசியா விரித்துப் பார்த்து, ஜன்னலில் வைத்து அளந்தாள். சரியாக இருந்தது. மூன்று தெருவும் போன பிறகு எங்கள் முன்னறை ஜன்னல் நேராகக் கடலைப் பார்க்கிறது. இரண்டு ஆணி கேட்டாள். கொடுத்தேன். எழுத்து இருந்த பக்கத்தை ஒரு தரம் வாசித்தாள். பிறகு அந்தப் பக்கத்தை வெளியே திருப்பி, கடலைப் பார்க்க வைத்து, மாட்டினாள்.